கடற்பாசி வேறு, ஜெலட்டின் வேறு

எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் ஒயின் ஜெல்லி பற்றிய வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. ஒரு புத்தாண்டு இரவில், பொன்னேரியில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் மொட்டைமாடியில், பழத்துண்டுகள் போட்ட ஸ்பார்க்கிளிங் ஒயின் ஜெல்லி பரிமாறப்பட்டது. அந்த விருந்தில் நானும் இருந்தேன். ‘தமிழ் வாத்தியார் இருக்கும் சபையில் இப்படியா’ என்று தொடங்கிய பேச்சு, பண்பாட்டுச் சீரழிவு, மேலைநாட்டு மோகம், பெண்கள் கையில் மதுப்புட்டி என்று கிளை விட்டு, இன்றும் மதிய இடைவேளைகளில் தழைத்துக்கொண்டிருக்கிறது. சக ஆசிரியர் ஒருவர் இது குறித்துக் கல்லூரி ஆண்டு மலரில் கட்டுரையே எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் எழுதும்முன் நான் எழுதிவிடுவது நல்லது. அந்த விருந்தில் தவறு நடந்தது உண்மை. ஆனால் அது ஒயின் இருந்த தட்டில் நடக்கவில்லை. ஒயின் இல்லாத தட்டில் நடந்தது. அதைச் செய்தவன் நான்.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் திருவள்ளூர் மாவட்டத்தின் தாழ்வான பகுதிகளெல்லாம் மூழ்கிக் கிடந்த மாதம். எங்கள் அடுக்ககத்தில் குடியிருப்போர் பெரும்பாலும் கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்குப் போகிறவர்கள். உருக்காலைப் பொறியாளர்கள், கணக்கர்கள், கிடங்கு மேலாளர்கள். வடநாட்டிலிருந்து வந்த இரண்டு மூன்று குடும்பங்களும் உண்டு. மின்சாரமில்லாமல், கீழ்த்தளத்தில் நின்ற வண்டிகளைத் தண்ணீருக்குப் பறிகொடுத்து அந்த மாதத்தைத் தள்ளியவர்கள், மாதத்தின் கடைசி இரவையாவது சிரித்துக் கழிக்கலாம் என்று கூடினார்கள். மூன்றாம் தளத்தில் இருக்கும் பொறியாளரின் மனைவி கேக் வகுப்புக்குப் போய் வந்தவர். அவர்தான் ஜெல்லி செய்வதாக ஏற்றுக்கொண்டார்.

விருந்துக்கு இரண்டு நாள் முன்னதாகத் தொலைபேசியில் அழைத்தார். “சார், ஜெலட்டின்னா நம்ம கடல்பாசிதானே? தமிழ்ல எழுதி வைக்கணும், தப்பா எழுதிடக் கூடாதுன்னு கேக்கறேன்.” நான் சற்றும் யோசிக்கவில்லை. ஆமாம் என்றேன். வார இதழ்களின் சமையல் பக்கங்களில், இணைப்புப் புத்தகங்களில், ‘ஜெலட்டின் என்கிற கடல்பாசி’ என்று எத்தனையோ முறை வாசித்திருந்தேன். அந்த வாசிப்பே எனக்கு அகராதியாகிவிட்டது. அவர் பொருள் வாங்கியது பாரிமுனையில் கேக் சாமான் விற்கும் கடை ஒன்றில். மூட்டையிலிருந்து நிறுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்த தூள். உறைமேல் ஆங்கிலத்தில் ஜெலட்டின் என்ற ஒரு சொல்; பச்சைப் புள்ளியும் இல்லை, பழுப்புக் குறியும் இல்லை. அவரிடம் இருந்த ஒரே ஆதாரம் என் சொல்தான்.

மறுநாள் அட்டைகளை எழுதிப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார். ஒன்றில் ‘ஸ்பார்க்கிளிங் ஒயின் ஜெல்லி, பெரியவர்களுக்கு மட்டும்’ என்றிருந்தது. மற்றொன்றில் ‘திராட்சைச் சாறு கடல்பாசி ஜெல்லி, ஒயின் இல்லை, சுத்த சைவம்’. நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. ‘கடல்பாசி’ என்பதில் புணர்ச்சி வரவில்லையே என்று பார்த்து, லகரத்தை றகரமாக்கி, ‘கடற்பாசி’ எனத் திருத்தி அனுப்பினேன். இருபது ஆண்டுகளாகத் தமிழ் பயிற்றுவிப்பவனின் கண் ஓர் ஒற்றெழுத்தைப் பிடித்தது. அந்தச் சொல் அந்தப் பொருளுக்குரியதுதானா என்று பார்க்கவில்லை.

அன்றிரவு மூன்று தட்டுகள் வந்திருக்க வேண்டும். இரண்டுதான் வந்தன. மூன்றாவது, அன்னாசிப்பழத்தைப் பச்சையாக நறுக்கிப் போட்டது, ஆறு மணி நேரம் குளிர்பெட்டியில் இருந்தும் உறையவேயில்லை. “கடற்பாசி பத்தலை போல” என்று அவர் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் கல்லூரியில் வேதியியல் நடத்தும் நண்பர், கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தபடியே சொன்னார்: “பாசியா இருந்தா அன்னாசி அதை ஒண்ணும் பண்ணாதே. இது எலும்பு.”

அவர் சொன்னதை என் மொழியில் தருகிறேன். பச்சை அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி உண்டு. பப்பாளியில் பப்பாயின். இரண்டும் புரதத்தை வெட்டித் துண்டாக்குபவை. கடினமான கறி வெந்து மெத்தென்றாக நம் வீடுகளில் பப்பாளிக்காயைச் சேர்ப்பது இதனால்தான். ஜெலட்டின் ஒரு புரதம். அன்னாசி பட்டதும் அதன் வலை அறுந்துபோகிறது, எத்தனை மணி நேரம் வைத்தாலும் கெட்டியாகாது. தகர டப்பாவில் வரும் அன்னாசியானால் ஏற்கெனவே சூடுபட்டு நொதி செத்திருக்கும், உறைந்துவிடும். கடற்பாசியிலிருந்து வரும் அகர் புரதமே அல்ல, மாவுச்சத்தின் உறவு. அன்னாசியின் கத்திக்கு அதில் வேலையில்லை. ஆக, உறையாத தட்டு ஒன்று என் சொல்லைப் பொய்யாக்கிவிட்டது.

உறை கொண்டுவரப்பட்டது. எல்லோரும் படித்தோம். என் பக்கத்தில் பொருளாதாரத் துறை நண்பர் உட்கார்ந்திருந்தார். பழவேற்காட்டுக்காரர். ஒயின் தட்டின் அட்டையைப் படித்துவிட்டு அதைத் தொடாமல் நகர்ந்து, திராட்சைத் தட்டின் அட்டையைப் படித்துவிட்டுத் தாமும் சாப்பிட்டு, இரண்டு பிள்ளைகளுக்கும் எடுத்துக் கொடுத்திருந்தவர். கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார். எந்தப் பிராணியின் எலும்பு, எப்படி அறுத்தது, யாருக்கும் தெரியாது. “சார் பார்த்துத் திருத்தினதுன்னு அவங்க சொன்னாங்க, அதான்” என்றார். அதில் குத்தல் எதுவுமில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். சிறிது நேரத்தில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இரவு பன்னிரண்டு மணிக்கு நாங்கள் வெடி வெடித்தோம்.

இதற்குப் பிறகும் ஆசிரியர் அறையின் பேச்சு ஒயினைச் சுற்றியே ஓடுகிறது என்பதுதான் என் ஆற்றாமை.

ஒயினில் என்ன பொய் இருந்தது? அட்டையில் ஒயின் என்று எழுதியிருந்தது, கிண்ணத்தில் ஒயின் இருந்தது. குழந்தைகளுக்கு எட்டாத மேசையில் வைத்திருந்தது. வேண்டியவர் எடுத்தார், வேண்டாதவர் விலகினார். ஒரே ஒரு திருத்தம் சொல்வேன். ‘ஜெல்லியாக்கினால் போதையெல்லாம் ஆவியாகிவிடும்’ என்று அங்கே சிலர் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள், அது தவறு. குமிழி போகாமலிருக்க ஒயினைக் கொதிக்கவிடுவதே இல்லை. ஊறவைத்துக் கரைத்த ஜெலட்டின் பாகு ஆறிய பின், குளிர்ந்த ஒயினைப் பாத்திரத்தின் ஓரமாக மெல்லச் சரிக்கிறார்கள். ஸ்பார்க்கிளிங் ஒயினில் ஏறத்தாழ 12 விழுக்காடு மது. பாதிக்குப் பாதி சேர்த்தால் ஜெல்லியில் 6 விழுக்காடு. சாதாரண பீருக்குக் குறைவில்லை. பல் இல்லாதவரும் சாப்பிடக்கூடிய பீர் என்று வைத்துக்கொள்ளலாம். ‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்று அந்த அம்மையார் எழுதியது மிகச் சரி.

பண்பாட்டுக் காவலர்களிடம் எனக்கு ஒரு கேள்வி. தமிழிலக்கியத்தில் முதுகலை படித்துவிட்டு, ஒயின் தமிழருக்கு அந்நியம் என்று எப்படிக் கூச்சமின்றிச் சொல்ல முடிகிறது? புறநானூற்றின் 56ஆம் பாட்டில் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் கலங்களில் கொண்டுவந்த மதுவைப் பொற்கலத்தில் ஏந்திப் பெண்கள் ஊட்ட மகிழ்ந்திருக்கும்படி அவனை வாழ்த்துகிறார். அந்த மது வந்த மண்சாடிகளின் உடைசல்களை 1945இல் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் தோண்டி எடுத்தார். குடியை நான் பரிந்துரைக்கவில்லை. குடியால் அழிந்த குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் 2003 முதல் அரசே கடை நடத்திச் சில்லறையில் விற்கும் நாட்டில், ஒரு பெண் கரண்டி ஒயினை ஜெல்லியில் ஊற்றியதுதான் சீரழிவின் தொடக்கம் என்பவரோடு எனக்கு உரையாடல் சாத்தியமில்லை.

சொல்லைப் பற்றிய பேச்சாகையால் ஓர் இடைக்குறிப்பு. பிராந்தியும் ரம்மும் விற்ற கடைகளை நாம் பல்லாண்டுகளாக ‘ஒயின் ஷாப்’ என்றே அழைத்து வந்திருக்கிறோம். அங்கே போய் ஒயின் கேட்டவனைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்திருப்பார். பொருளை விட்டுச் சொல்லை மட்டும் கட்டிக்கொள்வது நமக்குப் பழக்கமானதுதான். பிரெஞ்சுக்காரர்களைப் பாருங்கள். ஷாம்பெயின் வட்டாரத்தில் விளைந்த திராட்சையில், அங்கேயே அவர்கள் முறைப்படி செய்ததற்கு மட்டுமே ஷாம்பெயின் என்ற பெயர். நாசிக்கில் செய்தால் அது ஸ்பார்க்கிளிங் ஒயின்தான். ஊர்ப் பெயர் ஒன்றைக் காப்பாற்ற அவர்கள் சட்டம் போட்டு, நாடு நாடாக வழக்காடியிருக்கிறார்கள். நாமோ நம் கடலில் மூழ்கி எடுக்கும் ஒன்றின் பெயரை, கசாப்புக் கூடத்திலிருந்து வரும் ஒன்றுக்கு இலவசமாகத் தூக்கிக் கொடுத்துவிட்டோம். கேட்க ஆளில்லை.

ஜெலட்டின் என்பது என்ன? அதை அருவருப்பாகச் சொல்லி மிரட்டும் எண்ணம் எனக்கில்லை, நான் புலால் உண்பவன். ஆட்டுக்கால் பாயா வைத்து மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்தவர்கள் மறுநாள் காலை அதைத் திறந்து பார்த்திருப்பார்கள், கரண்டி போட்டால் அசையாமல் நிற்கும். முந்தைய நாள் மீன்குழம்பின் மேல் படரும் அந்தத் தளதளப்பும் அதேதான். எலும்பிலும் தோலிலும் உள்ள கொலாஜன் வெந்நீரில் இறங்கி, குளிர்ந்ததும் கட்டிக்கொள்கிறது. ஆலையில் இதையே பெரிய அளவில் செய்கிறார்கள். மாட்டெலும்பை நொறுக்கிக் கொழுப்பை நீக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறப்போட்டுச் சுண்ணச்சத்தைப் பிரிக்கிறார்கள். எஞ்சும் மெத்தென்ற எலும்புச் சக்கைக்கு ஒஸ்ஸின் என்று பெயர். அதைச் சுண்ணாம்பு நீரில் வாரக்கணக்கில் போட்டு, கழுவி, வெந்நீரில் சாறு இறக்கி, வற்றவைத்து உலர்த்தினால் நிறமற்ற தூள். வெளிநாடுகளில் பன்றித் தோலிலிருந்தும் பெருமளவில் எடுக்கிறார்கள். ஆங்கிலேயன் ஒரு காலத்தில் இதைக் ‘கன்றுக்கால் ஜெல்லி’ என்று பெயரிலேயே சொல்லிவிட்டுத்தான் அதில் ஒயினை ஊற்றினான். 1845இல் அமெரிக்காவில் பீட்டர் கூப்பர் என்பவர் ஜெலட்டின் தூளுக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் கால் மறைந்து தூள் மட்டும் மிஞ்சியது. மறைந்த காலை நினைவூட்ட வேண்டிய இடத்தில் தமிழ்ச் சமையல் எழுத்து கடலைக் கொண்டுவந்து வைத்தது.

கடற்பாசியின் கதை முற்றிலும் வேறு. மன்னார் வளைகுடாவில், மண்டபம், பாம்பன், ஏர்வாடிப் பக்கத்துப் பெண்கள், கண்ணுக்குக் கண்ணாடியும் விரல்களுக்குத் துணிச்சுற்றும் அணிந்து, பவளப்பாறைகளுக்கிடையே மூச்சைப் பிடித்து மூழ்கிப் பறிப்பது அது. அகர் தரும் வகைக்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் மரிக்கொழுந்து. இன்னொன்று கஞ்சிப்பாசி, பெயரே சொல்கிறது, கடலோரத்தார் அதைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டு ஆங்கில மருந்து நூல்களில் இந்த இனத்துக்கு ‘சிலோன் பாசி’, ‘யாழ்ப்பாணப் பாசி’ என்று பெயர். இரண்டு கரையிலும் நம் ஆட்கள்தாம். 1986இல் அங்குள்ள 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, தலைமுறையாகப் போன இடத்துக்குப் போகத் தடை, அபராதம், பறிமுதல் என்று அந்தப் பெண்கள் அலைக்கழிந்தார்கள். பின்னர் தாங்களே கூடிப் பேசி, மாதத்தில் சில நாள் மட்டுமே எடுப்பது, பாறையைச் சுரண்டாமல் கையால் மட்டுமே பறிப்பது என்று கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். இராமநாதபுரத்துப் பாசி சேகரிக்கும் பெண்களின் இந்த முயற்சிக்காக அவர்களில் ஒருவருக்கு 2015இல் சீகாலஜி அமைப்பின் பன்னாட்டுப் பரிசு கிடைத்தது. தமிழ்நாட்டு இலக்கியப் பத்திரிகை எதிலும் அதைப் பற்றி ஒரு பக்கம் வாசித்த நினைவு எனக்கில்லை.

‘பாசி’ என்ற ஒரே சொல்லுக்குள் இன்னும் எத்தனையோ அடைத்து வைத்திருக்கிறோம் என்பதும் உண்மை. இப்போது மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கும் கப்பாபைகஸ் என்பதும் செய்தித்தாளில் கடற்பாசிதான். ஆனால் அதிலிருந்து எடுப்பது அகர் அல்ல, காரஜீனன். அது கிடக்கட்டும். அது எப்படியும் பாசி, எலும்பில்லை.

மறுபக்கமும் குழப்பம்தான். நம் செய்தித்தாள் வாசகனுக்கு ஜெலட்டின் என்றதும் நினைவுக்கு வருவது இனிப்பு அல்ல, கல்குவாரி. ‘ஜெலட்டின் குச்சிகள் பறிமுதல்’ என்று மாதம் ஒரு தலைப்பாவது வந்துவிடும். 1875இல் ஆல்ஃபிரட் நோபல், நைட்ரோகிளிசரினை நைட்ரோ செல்லுலோசுடன் சேர்த்துக் கெட்டியான கூழாக்கியபோது, பார்வைக்கு ஜெல்லிபோல் இருந்ததால் வைத்த பெயர் அது. அதில் எலும்பு இல்லை. ஆக, நம் மொழியில் எலும்பில்லாத வெடிக்கு ஜெலட்டின் என்று பெயர். எலும்பாலான தின்பண்டத்துக்குக் கடற்பாசி என்று பெயர். தனித்தமிழ் நண்பர்கள் இதற்கு ‘ஊன்பசை’ போன்ற சொற்களை முன்வைப்பார்கள். எனக்கு மறுப்பில்லை, அதில் உண்மை இருக்கிறது. ஆனால் கடைக்காரருக்குப் புரியாத சொல்லால் அந்த இரவில் என் நண்பருக்குப் பயன் விளைந்திராது. ஜெலட்டின் என்றே எழுதுங்கள், பக்கத்தில் ‘எலும்பிலிருந்து எடுப்பது’ என்று சேருங்கள். இரண்டு சொல் கூடுதல், அவ்வளவுதான்.

‘மருந்துக் குளிகையின் உறையும் ஜெலட்டின்தானே, அதை விழுங்கவில்லையா?’ என்று ஒரு வாதம் எழுப்பப்பட்டது. நோயில் ஒருவர் எதை ஏற்கிறார் என்பது அவருக்கும் அவர் மனச்சான்றுக்கும் இடையிலானது. விருந்தாளியின் கிண்ணத்தில் நாம் எதை மறைக்கலாம் என்பதற்கு அது அனுமதியாகாது. ‘தெரியாமல் தின்றால் பாவமில்லை’ என்று ஆறுதல் சொன்னவர்களும் உண்டு. தின்றவருக்கு இல்லாமலிருக்கலாம். தெரியாமல் வைத்தவருக்கு? அந்த மொட்டைமாடியில் வேறு உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்களும் இருந்தார்கள். வடநாட்டுக் குடும்பம் ஒன்று முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடுவதில்லை. அவர்களும் திராட்சைத் தட்டில்தான் கை வைத்தார்கள். பொட்டலத்தில் விற்கும் உணவுக்குப் பழுப்பும் பச்சையும் குறி போட வேண்டுமென 2001இலேயே விதி வந்துவிட்டது. பிரித்து நிறுத்துக் கொடுக்கும் கடையிலும் வீட்டு விருந்திலும் அந்தக் குறிக்குப் பதிலாக நிற்பது சொல் ஒன்றுதான். அதையும் கெடுத்து வைத்தால்?

இந்தப் பக்கங்களை வாசிக்கும் நண்பர்களுக்கு என் மேல் ஓர் எரிச்சல் வரலாம். இலக்கியம் பேசும் இடத்தில் சமையல் குறிப்பின் அடைமொழியைப் பற்றி இத்தனை பேச்சா என்று. நாம் ரஷ்ய நாவல் ஒன்றின் மொழிபெயர்ப்பில் ஒரு மரத்தின் பெயர் மாறிவிட்டதென்று மாதக்கணக்கில் சண்டை போட்டவர்கள். நானும் போட்டிருக்கிறேன். நாவலில் பிர்ச் மரம் தேவதாருவானால் ஒரு பக்கத்தின் நிழல் மாறும். சமையல் பக்கத்தில் சொல் மாறினால் அது ஒருவர் வாய்க்குள் போகிறது. தமிழில் மிக அதிகம் வாசிக்கப்படும் மொழிபெயர்ப்பு எதுவென்று யோசித்துப் பாருங்கள். டால்ஸ்டாய் அல்ல. சமையல் குறிப்பும் மருந்துச் சீட்டும்தான். அவற்றைத் திருத்திப் பார்க்கத் தமிழ் படித்தவர் எவரும் முன்வருவதில்லை. என் போன்றவர்கள் வந்தால் சந்திப்பிழை பார்க்கிறோம்.

பொருளளவில் பார்த்தாலும் இந்த இடமாற்றம் நமக்கு நட்டம். ஜெலட்டின் 35 பாகை வெப்பத்துக்குள்ளேயே உருகிவிடும். வாயில் வைத்ததும் கரைகிறது என்று புகழ்வது இதைத்தான். லண்டனில் அது சிறப்பு. கும்மிடிப்பூண்டியில் மே மாதம் மேசையில் வைத்தால் வாய்க்கு வரும்முன் தட்டிலேயே கரைந்திருக்கும். அகர் 40 பாகைக்குச் சற்றுக் கீழேயே, வெறும் அறையில் உறைந்துவிடுகிறது. மீண்டும் உருக 85 பாகை வேண்டும். அன்னாசி, பப்பாளி எதையும் பச்சையாகவே போடலாம், அஞ்சாது. நம் வெயிலுக்கும் நம் பழத்துக்கும் ஏற்றது எது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதை ஜெர்மானிய அறிவியலுக்கு ஒரு சமையலறைதான் கற்றுக்கொடுத்தது. 1881இல் பெர்லினில் ராபர்ட் கோஹின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸே, நுண்ணுயிர்களை ஜெலட்டின்மேல் வளர்க்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தார். கோடை வந்தால் ஜெலட்டின் நீராகிவிடும். போதாததற்குச் சில நுண்ணுயிர்கள் அதைத் தின்று கரைத்தன, அன்னாசி செய்ததுபோலவே. அவருடைய மனைவி ஃபேனி, உங்கள் ஜெல்லி மட்டும் வெயிலில் எப்படி நிற்கிறது என்று கணவர் கேட்டபோது, தாம் அகர் சேர்ப்பதைச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய அண்டை வீட்டார் ஒருவரிடம் அவர் கற்றது அது. அகர்-அகர் என்பதும் மலாய்ச் சொல்தான். 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றிக் கோஹ் அறிவித்தபோது அகர் அதில் குறிப்பிடப்பட்டது. ஃபேனியின் பெயர் இல்லை. வெப்ப நாட்டு அடுப்படிப் பெண்கள் அறிந்த ஒன்று உலகத்தின் எல்லா ஆய்வகத்துக்கும் இன்றுவரை அடித்தட்டாக இருக்கிறது. அதே அறிவு பழவேற்காட்டிலும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நோன்பு மாதந்தோறும் தட்டில் உறைகிறது. பாலும் சர்க்கரையும் கலந்து, சில வீடுகளில் இளநீரோ தேங்காய்ப்பாலோ சேர்த்து, சாய்சதுரமாகக் கீறிய கடல்பாசி. மதுரை ஜிகர்தண்டாவிலும் அது உண்டு. ஜெல்லி செய்ய நாம் யாரிடமும் கற்க வேண்டியிருக்கவில்லை.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஸ்பார்க்கிளிங் ஒயினுக்கு அகர் அவ்வளவாகப் பொருந்தாது. அகரைக் கொதிக்கவைத்துத்தான் கரைக்க முடியும், சூடு குறைவதற்குள் ஒயினைக் கலந்தாக வேண்டும். குளிர்ந்த ஒயினை ஊற்றினால் அங்கங்கே திரண்டுவிடும், சூடான பாகில் ஊற்றினால் குமிழியெல்லாம் பறந்துவிடும். குமிழியைச் சிறைப்பிடித்து வைக்கும் கலையில் ஜெலட்டினை வெல்ல அதனால் முடியாது. நாவிலும் அகர் நறுக்கென்று உடையுமே தவிரக் குழையாது. ஆகவே அந்த அம்மையார் ஒயின் தட்டுக்கு ஜெலட்டினே பயன்படுத்தட்டும். யார் வேண்டாமென்றது?

சென்ற டிசம்பரில் அவர் மறுபடியும் செய்தார். கடையில் சைனா கிராஸ் என்று கேட்டு, நீளநீளமாக இழையிழையாக இருந்த பொட்டலத்தை எனக்குப் படமெடுத்து அனுப்பி, வேதியியல் நண்பரிடமும் கேட்டுக்கொண்ட பிறகு. இம்முறை அன்னாசி உறைந்தது. அட்டைகளை அவரே எழுதினார். ஒன்றில் ‘ஒயின், ஜெலட்டின், எலும்பிலிருந்து எடுத்தது, பெரியவர்களுக்கு மட்டும்’. மற்றதில் ‘அன்னாசி, கடல்பாசி’. லகரம் லகரமாகவே இருந்தது, நான் தொடவில்லை. எலும்பு என்று எழுதியதால் ஒயின் தட்டு மீந்துவிடும் என்று அவருடைய கணவர் கவலைப்பட்டார். பதினொரு மணிக்கே தீர்ந்துவிட்டது.

பொருளாதார நண்பர் வந்தார். பிள்ளைகளும் வந்தார்கள். அவருடைய தாயார் வீட்டில் செய்த கடல்பாசியை எவர்சில்வர் தட்டில் மூடி எடுத்துவந்திருந்தார். மேசைமேல் வைத்தவர், இதற்கு அட்டை வேண்டுமா சார் என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

‘ஜெலட்டின் என்கிற கடல்பாசி’ என்று அச்சிட்ட வார இதழ் ஒன்றுக்கு இதுவரை இரண்டு கடிதங்கள் எழுதியிருக்கிறேன். மூன்றாவதை இந்த வாரம் அனுப்புகிறேன். இதே தொடர் உங்கள் கண்ணில் பட்டால், இதழின் பெயரும் தேதியும் பக்க எண்ணும் எனக்கு எழுதுங்கள்.